முப்பதாயிரத்துக்குள் பேட்டரி சைக்கிள்: வாங்கியபின் முதலில் எதில் கை வைப்பது?

காவிரிப்பாலம் (திருச்சி) எழுதியது:

வாரம் ஒருவராவது இங்கே வந்து "பேட்டரி சைக்கிள் வாங்கிவிட்டேன், மோட்டாரை 350 வாட் ஆக்கலாமா?" என்று கேட்கிறார். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்த இழை. என் கட்சி இது: இந்த விலை சைக்கிளில் கடைசியாகத் தொடவேண்டியது மோட்டார். பிரேக், டயர், பின்சக்கரம், வயரிங், அப்புறம் பேட்டரி என்று போனால் காசும் மிஞ்சும், பல்லும் மிஞ்சும்.

என்னிடம் இருப்பது எல்லோரிடமும் இருக்கிற வகைதான். 36 வோல்ட், 7.8 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி. பின்சக்கர ஹப்பில் 250 வாட் கியர் மோட்டார். 26 இஞ்ச் சக்கரம், இரும்பு ஃபிரேம், இரண்டு பக்கமும் கேபிள் டிஸ்க் பிரேக். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

அட்டைப்பெட்டியில் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் சரி, நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 36ஐ 7.8ஆல் பெருக்கினால் சுமார் 280 வாட்-அவர். மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு 22 கி.மீ. வேகத்தில் போனால் கிலோமீட்டருக்குப் பத்து வாட்-அவர் போகும். ஆக 25, மிஞ்சினால் 28 கி.மீ. கூடவே மிதித்தால் 40 தாண்டும். ஆடி மாதத்தில் காவிரிப் பாலத்தின் மேல் எதிர்க்காற்றில் போகிறவருக்கு இரண்டு கணக்கும் செல்லாது. டிஸ்ப்ளேயில் பேட்டரி அளவைக் காட்டும் கட்டைகள் கண்ணெதிரே குறையும். கரண்ட் செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம். முழு சார்ஜுக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் இருக்கிற வீட்டில் அது பில்லில் தெரியவே தெரியாது.

இப்போது பிரேக். சாதாரண சைக்கிளைவிட இது ஏழெட்டு கிலோ கனம், நிற்காமல் 25இல் ஓடுகிறது. ஆனால் இந்த விலையில் போட்டுக் கொடுக்கும் டிஸ்க் காலிப்பரில் (டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்வும் பிடியில்) ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும். லீவரை அமுக்கினால் அந்த பேட் டிஸ்கைத் தள்ளி வளைத்து மறுபக்கத்து பேடோடு சேர்க்கிறது. மறுபக்கம் இடைவெளி அதிகமாக இருந்தால் லீவர் பாதி தூரம் வெறுமனே போகும், பிடிக்கவும் பிடிக்காது. சக்கரத்தின் உள்பக்கம், ஸ்போக்ஸ் இடுக்கில் எட்டிப் பார்த்தால் அந்த அசையாத பேடுக்கு ஒரு ஆலன் திருகு தெரியும். பேட் டிஸ்கை லேசாக உரசும்வரை அதைத் திருகி, பிறகு உரசல் நிற்கும் அளவுக்கு மட்டும் பின்னால் எடுங்கள். ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். அதற்குப் பிறகு கேபிளை இழுத்துக் கட்டுங்கள். பல பேர் கேபிளை மட்டும் இழுத்து இழுத்துக் கட்டிவிட்டு "பிரேக் சரியில்லை, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) பிரேக் போடப்போகிறேன்" என்கிறார்கள். நல்ல கேபிளும் உறையும் புது பேடும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். ஹைட்ராலிக்கின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

டயரைப் பற்றி ஒரே வரி: பின்சக்கரத்தில் மோட்டார் இருக்கிற சைக்கிளில் நடுவழியில் பஞ்சர் என்பது பெரிய தலைவலி. நட்டைக் கழற்றும் ஸ்பேனர் வேண்டும், வயரைப் பிரிக்க வேண்டும், பஞ்சர் கடைக்காரர் தொடவே யோசிப்பார். கெட்டியான டயரும், டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைக்கும் உள்பட்டையும் முதல் மாதமே போட்டுவிடுங்கள்.

டாப்ஸ்பீடு (சென்னை) எழுதியது:

அண்ணா, பிரேக் பற்றிச் சொன்னது ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 25இல் ஓ.எம்.ஆரில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பின்னால் வரும் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்தே நம்மைச் சாக்கடையில் இறக்கிவிடும். 35 இருந்தால் போக்குவரத்தோடு சேர்ந்து போகலாம், அதுதானே பாதுகாப்பு? என் டிஸ்ப்ளேயில் வேக எல்லையை மாற்றும் அமைப்பு இருக்கிறது. அதை 40 என்று வைத்தால் என்ன கெட்டுப்போய்விடும்? பேட்டரியை 48 வோல்ட் ஆக்கினால் இன்னும் நல்லது என்று யூடியூபில் ஒருவர் காட்டினார்.

சால்டர்பீளமேடு (கோவை) எழுதியது:

தம்பி, டிஸ்ப்ளேயில் 40 என்று வைத்தால் ஒன்றும் கெடாது, ஏனென்றால் ஒன்றும் நடக்காது. இந்த மோட்டார்கள் பலவற்றில் 36 வோல்ட்டுக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 240 சுற்று அளவில் சுற்றும்படிதான் வைண்டிங் கட்டியிருக்கிறார்கள். 26 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெருக்கிப் பார்: மணிக்கு 30 கி.மீ. அதுவும் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றும்போது. ஆள் ஏறினால் 27, 28. எல்லையைத் திறந்து உனக்குக் கிடைப்பது இரண்டு மூன்று கிலோமீட்டர்.

அப்போ 48 வோல்ட் போட்டால்? ஓடும். அங்கேதான் வினை. முழு சார்ஜில் 48 வோல்ட் பேட்டரி 54.6 காட்டும். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டிதான் கன்ட்ரோலர். 36 வோல்ட்டுக்கென்று செய்ததைத் திறந்து உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். 63 வோல்ட் என்று இருந்தால் கொஞ்சநாள் தாங்கும். 50 என்று இருந்தால் உப்பி வெடிக்கும். சரி, கன்ட்ரோலரையும் மாற்றிவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து நூறு கிலோ என்று எடுத்தால், சமதரையில் 22இல் போக 140 வாட் அளவு போதும். 35இல் போக 420க்கு மேல் வேண்டும், காற்றின் தடை வேகத்தோடு அப்படி ஏறுகிறது. மூன்று மடங்கு சக்தியை, உள்ளே நைலான் பற்சக்கரம் வைத்த 250 வாட் மோட்டாரிடம் கேட்கிறாய். வெயில் காலத்தில் ஹப்பைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மிதிவண்டிக்கு மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து கொடுக்கும் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25க்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவ்வளவும் இருந்து சான்றும் பெற்றிருந்தால்தான் அது மோட்டார் வாகனம் இல்லை. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். இதைத் தாண்டினால் அது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். போலீஸ் பிடிப்பார்களா என்பதை விடு. நாளைக்கு நடந்துபோகிற ஒருவர் மேல் இடித்துவிட்டால், நஷ்ட ஈடு உன் கையிலிருந்துதான் போகும். அந்தப் பயம்தான் எனக்கு.

டாப்ஸ்பீடு எழுதியது:

நைலான் கியருக்குப் பதில் இரும்பு கியர் கிடைக்கிறதே?

சால்டர்பீளமேடு எழுதியது:

கிடைக்கிறது. மாவு மில் மாதிரி சத்தம் போடும். நைலான் தேய்ந்தால் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். தேய்கிற பொருள் மலிவானதாக இருப்பதே நல்லது. அதைவிட, மூடியைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்து நைலானுக்கு ஏற்ற கிரீஸ் வைத்தாலே பாதிச் சத்தம் போய்விடும்.

வைகைவடகரை (மதுரை) எழுதியது:

எனக்கு வேகம் வேண்டாம். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, சிம்மக்கல் வழியாகக் கடைக்குப் போகிறேன். அந்த நெரிசலில் 15 போனாலே பெரிய விஷயம். நான் செய்த மாற்றம் கேரியர்தான். கூட வந்தது தகரம் மாதிரி இருந்தது. லேத் பட்டறையில் கனமான கம்பியில் வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் கால் வைக்கும் இடம், பாவாடை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க வலை, எல்லாம் வைத்து வாங்கினேன். ஒற்றைக்கால் ஸ்டாண்டை எடுத்துவிட்டு நடு ஸ்டாண்டு போட்டேன். குழந்தையை ஏற்றும்போது சைக்கிள் சாயாமல் நிற்பதுதான் எனக்கு முக்கியம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதே இல்லை.

எனக்கு இரண்டு கேள்வி. பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி அடிக்கடி அறுகிறது. கேரியர் சுமையாலா? இன்னொன்று, கொஞ்ச நாளாகப் பேட்டரி பாதி காட்டும்போதே மேம்பாலம் ஏறினால் பட்டென்று அணைந்துவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் திரும்ப ஓடுகிறது. வாங்கிய இடத்தில் "பேட்டரி போச்சு, புதுசு போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வாரண்டி முடிந்துவிட்டது.

காவிரிப்பாலம் எழுதியது:

ஸ்போக்ஸுக்கு நான் சொல்கிறேன், பேட்டரிக்குப் பீளமேட்டுக்காரர் வரட்டும்.

சுமை ஒரு காரணம், ஆனால் பெரும்பாலும் கம்பிகளின் இழுவை ஒரே மாதிரி இல்லாததுதான் காரணம் அக்கா. தொழிற்சாலையில் அவசரமாகக் கட்டிய சக்கரம் சில வாரம் ஓடியதும் தளரும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, தலைப் பக்கம் வளைவில் அறும். அறுந்ததை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் அடுத்தது அறும். பழைய ஆளாகப் பார்த்து, மொத்தச் சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து எல்லாக் கம்பியையும் சமமாக இறுக்கச் சொல்லுங்கள். கம்பியை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்கிப் பார்த்தாலே எது தளர்வு என்று கை சொல்லிவிடும். மோட்டார் ஹப்புக்குக் கம்பி நீளம் குட்டையாக இருக்கும், சைக்கிள் கடையில் அப்படியே கிடைக்காது. அறுந்த துண்டை எடுத்துப்போய், அளவுக்கு வெட்டி மரை போட்டுத் தரும் கடையில் நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சால்டர்பீளமேடு எழுதியது:

மேடம், பேட்டரி முழுதும் போயிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு மூன்று காரணம் இருக்கலாம், விலை குறைந்ததிலிருந்து வருகிறேன்.

முதலில் பேட்டரி உட்காரும் தட்டில் இருக்கும் செப்புக் கால்களைப் பாருங்கள். கறுத்தோ பொத்தலாகவோ இருந்தால் அங்கேதான் கரண்ட் தடைபடுகிறது. மேடு ஏறும்போது அதிக கரண்ட் இழுக்கும், அந்த இடம் சூடாகும், வோல்ட் விழும், கன்ட்ரோலர் நிறுத்திவிடும். சுத்தம் செய்து, தளர்ந்த காலை மாற்றினால் முடிந்தது.

அது நன்றாக இருந்தால் மல்டிமீட்டர் எடுங்கள். முழு சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 42க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குறைந்தால் உள்ளே பத்து செல் வரிசைகளில் ஒன்று பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேடு ஏறும்போது அந்த வரிசை மட்டும் முதலில் காலியாகும். பேட்டரிக்குள் காவலுக்கு இருக்கும் சர்க்யூட் பலகைதான் பிஎம்எஸ், அது ஒரே ஒரு வரிசை காலியானாலும் மொத்தப் பேட்டரியையும் நிறுத்திவிடும். மற்ற ஒன்பதிலும் பாதி இருப்பதால் டிஸ்ப்ளே பாதி என்று காட்டுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் அந்த வரிசை கொஞ்சம் மீண்டு வரும், அதனால்தான் மறுபடி ஓடுகிறது.

மூன்றாவது, பிஎம்எஸ்ஸே கெட்டிருக்கலாம். பேட்டரியை நீங்களாகத் திறக்க வேண்டாம். பேட்டரி கட்டித்தரும் கடையில் கொடுத்து, உங்கள் கண்ணெதிரே பிஎம்எஸ் கனெக்டரில் ஒவ்வொரு வரிசையையும் அளக்கச் சொல்லுங்கள்.

வடலி (யாழ்ப்பாணம்) எழுதியது:

நல்ல இழை. எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லிறன். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நிண்ட காலத்தில்தான் இஞ்சை கனபேர் சைக்கிளுக்குத் திரும்பினவை. நான் புது மின்சைக்கிள் வாங்கேல்லை, வீட்டில் நிண்ட பழைய லுமாலா சைக்கிளுக்கு முன்சில்லிலேயே மோட்டர் வைச்சு வாற கிற் ஒண்டு பூட்டினனான். யாழ்ப்பாணம் மட்டமான ஊர், ஏற்றம் எண்டு ஒண்டுமில்லை, அதால 250 வாட் தாராளம்.

அப்பிடிப் பூட்ட நினைக்கிறவைக்கு இரண்டு விசயம். பழைய சைக்கிளின் கம்பி பிறேக் ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிக்கிறது. கிற்றோட வாற அலுமினிய ரிம்முக்கு அது பொருந்தாது. முன்பிறேக்கை மாத்தாமல் சில்லைப் பூட்டினால் பிறேக் இல்லாத சைக்கிள்தான். அடுத்தது, மோட்டரின் அச்சு இரண்டு பக்கமும் தட்டையாய் இருக்கும். மோட்டர் முன்னுக்குச் சுத்த, அச்சு எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். இரும்பு ஃபோர்க் எண்டால் அச்சு இருக்கிற வாய் லேசில அகலாது. அலுமினிய ஃபோர்க் எண்டால் அந்த வாய் விரிஞ்சு, ஓடேக்கையே சில்லு கழண்டு போகும். அச்சைப் பிடிச்சு ஃபோர்க்கோட கட்டுற இரும்புத் தகட்டுக் கை ஒண்டு விக்கிறாங்கள், அதைப் போடாமல் ஓடாதேங்கோ. இரும்பு ஃபோர்க்குக்கும் போடுறது நல்லம். நட்டைப் பூட்டேக்கை வோஷரில இருக்கிற நாக்கு ஃபோர்க் வாய்க்குள்ள இருக்கோணும், வயர் வெளியில வாற பக்கம் கீழ பார்த்திருக்கோணும், இல்லாட்டி மழைத்தண்ணி வயர் வழியா நேர மோட்டருக்குள்ள போயிடும்.

டாப்ஸ்பீடு எழுதியது:

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. ஐப்பசி மழையில் வேளச்சேரிப் பக்கம் ஓட்டினால் மோட்டார் திடீரென்று நின்றுவிடுகிறது. வீட்டில் வைத்து அடுத்த நாள் பார்த்தால் ஓடுகிறது. தண்ணீர் மோட்டாருக்குள் போகிறதா?

சால்டர்பீளமேடு எழுதியது:

காய்ந்ததும் தானாகச் சரியாகிறது என்றால் முதலில் பிரேக் லீவரைச் சந்தேகப்படு. லீவருக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்த. அதில் தண்ணீர் புகுந்தால் நீ பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை நின்றால் ஓரம் கட்டி, இரண்டு லீவரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். எதைப் பிரித்ததும் ஓடுகிறதோ அதுதான் ஆள். சோதனைக்குத்தான் இது. அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு ஓட்டாதே.

கன்ட்ரோலர் பெட்டியைச் சிலிக்கோன் பசை வைத்து முழுக்க அடைக்கிறேன் என்று கிளம்பாதே. உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியே வர அடியில் ஒரு துளை வேண்டும். மேலேயும் வயர் நுழையும் இடத்திலும் அடை, அடியைத் திறந்து விடு. வயர் எல்லாம் பெட்டிக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறும்படி வளைத்துக் கட்டு, தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அப்புறம், தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் நடு அச்சு மூழ்கும் அளவு இருந்தால் இறங்கித் தள்ளுவதுகூட வேண்டாம், வேறு வழியில் போ. தரையிலிருந்து ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலேதான் அச்சு இருக்கிறது. சூடான ஹப் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

வைகைவடகரை எழுதியது:

கடையில் அளந்துவிட்டேன். செப்புக் கால்கள் சுத்தமாக இருந்தன. முழு சார்ஜில் மொத்தம் 41.2. ஒன்பது வரிசை 4.17, 4.18 என்று இருக்கிறது, ஒன்று மட்டும் 3.6. கடைக்காரர் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் புது செல் போட்டுத் தருகிறேன் என்கிறார். அல்லது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லில் புதிதாகக் கட்டலாம், தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு என்கிறார். எது சரி? குழந்தை உட்காரும் சைக்கிள், அதனால் கேட்கிறேன்.

சால்டர்பீளமேடு எழுதியது:

முதலில் ஒன்று: இதை முடிவு செய்யும்வரை சார்ஜ் போடாதீர்கள். ஒரு வரிசை குறைவாக இருந்தால் சார்ஜர் 42 வரும்வரை மற்ற ஒன்பதையும் அளவுக்கு மேல் தள்ளும். பிஎம்எஸ் தடுக்கும் என்றாலும் அதை நம்பி வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

ஒரு வரிசைக்கு மட்டும் புது செல் போடுவதை நான் செய்வதில்லை. புதியது நிறையப் பிடிக்கும், பழைய ஒன்பது குறையப் பிடிக்கும். ஆறு மாதத்தில் பழையதில் இன்னொன்று கீழே வரும், மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நிக்கல் பட்டையைப் பிய்த்துப் பிய்த்து ஒட்ட வேண்டும்.

எல்எஃப்பி உங்கள் உபயோகத்துக்கு நல்ல யோசனை. சூட்டைத் தாங்கும், மதுரை வெயிலுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும். ஆனால் பன்னிரண்டு வரிசை வேண்டும், எடை கூடும், இப்போதிருக்கும் பெட்டிக்குள் அடங்காது. கேரியருக்கு அடியில் இரும்புப் பெட்டி வைக்க வேண்டிவரும், நீங்கள் செய்த கேரியர் தாங்கும் என்று நினைக்கிறேன். பிஎம்எஸ் வேறு. சார்ஜரும் வேறு, 43.8 வோல்ட். பழைய சார்ஜரைத் தவறிப்போய்ப் போட்டால் ஆபத்து இல்லை, முழுதாக ஏறாது, அவ்வளவுதான். புதியதைப் பழைய வகைப் பேட்டரியில் போடுவதுதான் ஆபத்து, அதனால் பழைய பேட்டரியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு தொல்லை, டிஸ்ப்ளே கடைசிவரை நிறைய இருப்பதாகவே காட்டிவிட்டுத் திடீரென்று காலி என்னும். கிலோமீட்டரைப் பார்த்து ஓட்டப் பழகுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் அதே பெட்டியில் பத்து வரிசையிலும் சேர்த்து முப்பது செல்லும் பழைய வகையிலேயே புதிதாகப் போட்டுக் கட்டலாம். செல்லின் பெயர், எண், கொள்ளளவு பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுக்கும் கடையில் கட்டாதீர்கள்.

காவிரிப்பாலம் எழுதியது:

நான் சேர்ப்பது: ஓட்டிவிட்டு வந்த சூட்டில் உடனே சார்ஜ் போடாதீர்கள். வாசலை மறித்துக்கொண்டு, வெளியே போக இருக்கிற ஒரே வழியில் வைத்து சார்ஜ் போடும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. ஏதாவது நடந்தால் வெளியே போக வழி இருக்கும் இடத்தில் போடுங்கள், தூங்கும் நேரத்தில் வேண்டாம்.

டாப்ஸ்பீடு எழுதியது:

சரி, 48 வோல்ட் ஆசையை விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார் மூன்றுக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், பதிவு செய்த பழைய மின்ஸ்கூட்டரின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. கூட்டிப் பார்க்கச் சொன்னது அம்மா. கடைசியாக ஒன்று: மருதமலைப் பாதை மாதிரி மேடு ஏறுமா இந்த 250 வாட்?

சால்டர்பீளமேடு எழுதியது:

மிதித்தால் ஏறும். நூற்றுக்கு எட்டு சரிவில் நூறு கிலோவை மணிக்குப் பத்து கி.மீ. வேகத்தில் தூக்கவே 220 வாட் வேண்டும். த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு உட்கார்ந்தால் வேகம் குறைந்து, மோட்டார் சுற்ற முடியாமல் சூடாகும். சின்ன கியரில் போட்டு நீயும் பாதி மிதி.

வைகைவடகரை எழுதியது:

எல்எஃப்பிதான் கட்டச் சொல்லிவிட்டேன். பழைய பேட்டரியைத் தெருவில் வரும் காயலான் கடைக்காரர் முந்நூறு ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

சால்டர்பீளமேடு எழுதியது:

வேண்டாம் மேடம். அவர் செம்புக்காக உடைப்பார், லித்தியம் செல்லைச் சுத்தியலால் அடித்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும். 2022 விதிப்படி பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாங்கிய இடத்தில் கேளுங்கள், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள். அவர்கள் தட்டிக்கழித்தால், புதிது கட்டும் கடையிலேயே மறுசுழற்சிக்கு அனுப்புவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நெறியாளர் எழுதியது:

48 வோல்ட் பற்றிய பதிவுகள் தொடர்ந்து வருவதால் அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். எல்எஃப்பி பெட்டி வைத்த கேரியரின் படத்தை வைகைவடகரை இங்கேயே போடலாம்.